உப்புப் பூத்த வாய்பாடு

காரைக்கால் பக்கத்துப் பட்டினச்சேரிக் கரையில் காயும் கருவாடு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெயில் ஏற ஏற அதன் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கும். உப்புப் பூத்திருக்கிறது என்பார்கள். வாளையோ சுறாத் துண்டோ, கீறி உப்பு திணித்துக் காயவைத்த எந்த மீனிலும் இது வரும். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண லென்ஸை அதன் மேல் பிடித்தால், பொடியாகத் தெரிந்தது கனசதுரங்களாகத் தெரியும். பக்கங்கள் தட்டையாக இருக்கும், மூலைகள் செங்கோணமாக நிற்கும். மீனிலிருந்து கசிந்த நீர் ஆவியாகிப் போக, உப்பு தானாகவே இப்படி அடுக்கிக்கொண்டது. அந்தச் சதுரத்துக்கும், பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதிப்போடும் வேதி வாய்பாட்டுக்கும் நேரான உறவு உண்டு. பலரும் மனப்பாடம் செய்து மறந்துபோகிற அந்த எழுத்தும் எண்ணும் உண்மையில் ஒரு கணக்கு. அந்தக் கணக்கு இந்தக் கடற்கரை முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறது.

உப்பில் இருப்பவை இரண்டு. ஒன்று சோடியம், கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம். தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடும், தீப்பிடிக்கும். ஆய்வகங்களில் அதை எண்ணெயில் மூழ்கடித்தே வைத்திருப்பார்கள். இன்னொன்று குளோரின், மஞ்சளும் பச்சையும் கலந்த நச்சுவாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். இவை இரண்டும் சேர்ந்ததை நாம் ரசத்தில் போடுகிறோம்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரே ஒரு எலக்ட்ரான். சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள் உள்ளன. அவற்றில் பத்து உள்கூடுகளில் நிறைவாக அமர்ந்திருக்க, பதினொன்றாவது மட்டும் வெளிக்கூட்டில் தனியாக இருக்கிறது. எளிதில் கழன்றுவிடும். குளோரினில் 17 எலக்ட்ரான்கள். அதன் வெளிக்கூடு நிறைய இன்னும் ஒன்று வேண்டும். சோடியத்திடமிருந்து போனது குளோரினிடம் வந்து சேர்கிறது. எதிர்மின் எலக்ட்ரானை இழந்த சோடியத்துக்கு ஒரு நேர்மின்னூட்டம். அதைப் பெற்ற குளோரினுக்கு ஓர் எதிர்மின்னூட்டம். இப்படி மின்னூட்டம் ஏறிய அணுவுக்கு அயனி என்று பெயர். அயனியான சோடியம் தண்ணீரைக் கண்டு சீறுவதில்லை. அயனியான குளோரின் மூச்சை அடைப்பதில்லை. குளோரின் அயனிக்குக் குளோரைடு என்று பெயரையும் மாற்றி வைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான்.

நேரும் எதிரும் ஒன்றையொன்று இழுக்கும். ஆனால் ஒரு சோடியம் ஒரு குளோரைடைப் பிடித்துக்கொண்டு ஜோடியாக ஒதுங்கிவிடுவதில்லை. ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரைடுகள் சூழ்ந்து நிற்கின்றன: மேலே, கீழே, முன்னே, பின்னே, இடம், வலம். ஒவ்வொரு குளோரைடையும் அதேபோல் ஆறு சோடியங்கள். வாசலில் இரு வண்ணப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து, அந்தக் கோலத்தின் மேல் இன்னொரு கோலம், அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புள்ளிக்கு ஜோடி எந்தப் புள்ளி என்று கேட்டால் பதில் கிடையாது. வாசல் எவ்வளவு பெரிதோ கோலமும் அவ்வளவு பெரிது.

ஒரு பக்கம் 0.3 மில்லிமீட்டர் உள்ள ஒரு உப்புமணியை எடுத்துக்கொள்வோம். நகக்கண்ணில் ஒட்டினால் கவனிக்காமல் விட்டுவிடுவோம், அவ்வளவு சிறியது. அதன் ஓர் ஓரத்தில் மட்டும் பத்து லட்சம் அயனிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மணி முழுவதிலும் இருக்கும் சோடியங்கள் சுமார் ஆறாயிரம் கோடி கோடி. அதே எண்ணிக்கையில் குளோரைடுகளும் உண்டு. நாட்டின் 140 கோடி மக்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்குச் சோடியம் மட்டும் நாற்பது கோடிக்கு மேல் வரும். ஒரு மணியிலிருந்து!

இது தெரியவந்தது 1913-இல்தான். லாரன்ஸ் பிராக் என்ற இளைஞர், உப்புப் படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது சிதறி விழுந்த புள்ளிகளிலிருந்து உள்ளே அணுக்கள் நிற்கும் வரிசையைக் கணக்கிட்டார். சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று தனியாக எதுவும் அங்கே இல்லை என்பது வெளியானது. 1915-இல் தந்தையோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 25. மூத்த வேதியியலர்கள் சிலருக்கு இது பொறுக்கவில்லை. ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற முதியவர் 1927-இல்கூட ‘நேச்சர்’ இதழில் இதை மறுத்து எழுதினார். அவர் மீது எனக்கு அனுதாபம் உண்டு. வாழ்நாள் முழுவதும் மூலக்கூறுகளை எண்ணியவருக்கு, மூலக்கூறே இல்லாத பொருளை ஏற்றுக்கொள்வது எளிதா? நம் பக்கத்திலும் இதே வகைப் படிகங்கள் ஆளை இழுத்திருக்கின்றன. வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன் 1950களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட ஆய்வுகளில், உப்பின் உறவுக்காரப் படிகங்களில் அயனிகள் ஒன்றையொன்று தள்ளும் விசையைக் கணக்கிடுவதும் ஒன்று.

மூலக்கூறு இல்லை என்றால் வாய்பாடு எதைச் சொல்கிறது? விகிதத்தை. சோடியத்தின் குறியீடு என்ஏ, குளோரினுடையது சிஎல். இரண்டையும் சேர்த்து ‘என்ஏசிஎல்’ என்று எழுதினால், எத்தனை கோடி இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று என்று பொருள். பொடி உப்பானாலும் கல்லுப்பானாலும் விகிதம் இதுவே. எழுத்தால் தனிமத்தைக் குறிக்கும் இந்த முறையைத் தந்தவர் சுவீடனின் பெர்சீலியஸ், 1813 வாக்கில். எண்களை அவர் எழுத்தின் மேலே எழுதினார், பிறகு வந்தவர்கள் கீழே இறக்கினார்கள்.

விகிதத்தைத் தீர்மானிப்பது ஒரே விதி: நேரும் எதிரும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். இயற்கை இதில் ஒரு எலக்ட்ரான்கூட விட்டுக்கொடுப்பதில்லை. சோடியத்துக்கு நேர் 1, குளோரைடுக்கு எதிர் 1, ஆகவே ஒன்றுக்கு ஒன்று. கடல்நீரில் அடுத்து அதிகமாக இருக்கும் உலோகம் மக்னீசியம். அது இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிடுகிறது, நேர் 2. அதைச் சமன் செய்ய ஒரு குளோரைடு போதாது, இரண்டு வேண்டும். எனவே எம்ஜிசிஎல்₂. கீழே தொங்கும் அந்தச் சின்ன 2 குளோரைடுக்கு மட்டும் உரியது. ஒன்று என்றால் எண்ணே போடுவதில்லை.

கொஞ்சம் கடினமாகப் பார்ப்போம். அலுமினியம் நேர் 3, ஆக்சிஜன் எதிர் 2. மூன்றுக்கும் இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு ஆறு. இரண்டு அலுமினியம் ஆறு நேர் தரும், மூன்று ஆக்சிஜன் ஆறு எதிர் தரும். ஏஎல்₂ஓ₃. ஒன்றின் எண்ணை மற்றதன் காலடியில் குறுக்காக இறக்கிவிட்டால் விடை வந்துவிடும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழியின் உள்ளே இருப்பது இந்த மடங்குக் கணக்குதான். நவரத்தினங்களில் மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் வாய்பாடு இதுவே. சிவப்பும் நீலமும் துளியளவு கலந்திருக்கும் வேறு உலோகங்களின் வேலை.

குறுக்குவழி ஓரிடத்தில் தடுக்கிவிடும். கரையில் பொறுக்கிய கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். அது கால்சியம் ஆக்சைடு. கால்சியம் நேர் 2, ஆக்சிஜன் எதிர் 2. எண்களைக் குறுக்காக இறக்கினால் சிஏ₂ஓ₂ என்று வரும். விகிதம்தானே வேண்டும், இரண்டுக்கு இரண்டு என்பது ஒன்றுக்கு ஒன்று. சுருக்கி சிஏஓ என்று எழுத வேண்டும்.

சில அயனிகள் கூட்டமாகவே திரிகின்றன. ஒரு கந்தக அணுவும் நான்கு ஆக்சிஜனும் இறுகச் சேர்ந்து, மொத்தமாக எதிர் 2 மின்னூட்டத்தோடு சல்பேட் என்ற கூட்டயனியாக வலம் வருகின்றன. குறியீடு எஸ்ஓ₄. இதை எத்தனை முறை எடுக்கிறோம் என்று காட்ட அடைப்புக்குறி போட்டு வெளியே எண் எழுதுவார்கள். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் படிகாரத்தைப் பாருங்கள்: கேஏஎல்(எஸ்ஓ₄)₂·12எச்₂ஓ. பொட்டாசியம் ஒன்று, நேர் 1. அலுமினியம் ஒன்று, நேர் 3. ஆக நான்கு. சல்பேட் இரண்டு, எதிர் நான்கு. கணக்கு நேர். புள்ளிக்குப் பிறகு வருவது படிகத்துக்குள் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்ட பன்னிரண்டு தண்ணீர் மூலக்கூறுகள். உலர்ந்த கல் என்று நினைத்துக் கையில் எடுக்கும் படிகாரத்தின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பது தண்ணீர்தான்!

நம் பல்லையும் இதே விதி கட்டியிருக்கிறது. பல்லிலும் எலும்பிலும் இருக்கும் கனிமத்தின் வாய்பாடு சிஏ₅(பிஓ₄)₃ஓஎச். பார்க்கப் பயமாக இருக்கும், கூட்டிப் பார்த்தால் பயம் போய்விடும். ஐந்து கால்சியம் பத்து நேர். பாஸ்பேட் ஒவ்வொன்றும் எதிர் 3, மூன்று இருந்தால் ஒன்பது. ஹைட்ராக்சைடு ஒன்று, எதிர் 1. பத்துக்குப் பத்து.

மறுபடி உப்புக்கு வருவோம். கட்டி உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். விறகடுப்பின் தணலில் வைத்தாலும் எளிதில் அசையாது. அதையே ஒரு தம்ளர் பச்சைத்தண்ணீரில் போட்டுக் கலக்கினால் ஒரு நிமிடத்தில் காணோம். தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனை லேசாக நேர்மின், மறுமுனை லேசாக எதிர்மின். அவை கூட்டமாக வந்து ஒவ்வொரு அயனியையும் சூழ்ந்து, வரிசையிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. தண்ணீருக்குள் அயனிகள் இப்படித் தனித்தனியாக உலவுகின்றன என்று 1884-இல் சுவீடனில் ஆய்வேடு எழுதிய ஸ்வான்டே அர்ஹீனியஸுக்கு அவருடைய பல்கலைக்கழகம் குறைந்த தரத்தில்தான் தேர்ச்சி கொடுத்தது. 1903-இல் அந்தக் கருத்துக்கே நோபல் பரிசு வந்தது.

அப்படியானால் பட்டினச்சேரிக்கு எதிரே கிடக்கும் கடலில் ‘என்ஏசிஎல்’ என்று எதுவும் இல்லை. எல்லாம் உதிரி அயனிகள். ஆனால் விதி அங்கேயும் விடவில்லை. கடல்நீரில் ஆயிரம் குளோரைடு இருக்கும் அளவை எடுத்துக்கொண்டு எண்ணினால், கூடவே சுமார் 859 சோடியம், 97 மக்னீசியம், 19 கால்சியம், 19 பொட்டாசியம் இருக்கும். மின்னூட்டத்தைக் கூட்டுங்கள்: 859, மக்னீசியத்துக்கு இரட்டையாக 194, கால்சியத்துக்கு 38, பொட்டாசியத்துக்கு 19. மொத்தம் 1110. எதிர்ப்பக்கம் ஆயிரம் குளோரைடு, 52 சல்பேட்டுக்கு 104, மீதி கார்பனேட் வகைகளும் புரோமைடும். அதுவும் 1110-ஐ ஒட்டியே வரும். ஒரு கடலையே எடுத்து நிறுத்தாலும் தராசு நடுவில் நிற்கிறது. இதை முதலில் கூட்டிப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இன்னொரு ஆச்சரியம். திருமலைராயன்பட்டினத்தை ஒட்டித் திருமலைராஜனாறு கடலில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுவெள்ளம் இறங்கும்போது கரையோரக் கடல் உப்புக் குறைந்துவிடும். ஆனால் அயனிகளுக்கு இடையிலான விகிதம் அநேகமாக மாறாது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ கப்பல் கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் சோதித்து, எந்தப் பெருங்கடலானாலும் விகிதம் ஒன்றே என்று 1884-இல் அறிவித்தார்.

இவ்வளவு உப்பும் கண்ணெதிரே கிடந்தும் காரைக்கால்காரர்கள் அதை எடுக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. 1815-இல் லண்டனில் ஆன ஒப்பந்தப்படி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குப் போனது. ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818-இல் இன்னொரு ஒப்பந்தம் வந்து உப்பு விளைவிப்பதையே நிறுத்தியது. அயனிகளுக்கு எல்லைக்கோடு தெரியாது, அரசுகளுக்குத் தெரியும்.

ஆகவே உப்பு விளைவிக்கும் வேலையைப் பார்க்கத் தெற்கே வேதாரண்யம் போக வேண்டும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத்துக்காக நடந்து போனவர்கள், 30-ஆம் தேதி உப்பு எடுத்ததும் அந்தப் பக்கத்து அகஸ்தியம்பள்ளியில்தான். போராட்ட வரலாறாக அந்த இடம் நமக்குத் தெரியும். வேதியியல் பாடமாகவும் அதைப் பார்க்கலாம். உதிரி அயனிகள் எந்த வரிசையில் வாய்பாடுகளாக ஒன்றுசேர்கின்றன என்பதை அங்கே பாத்தி பாத்தியாகக் காணலாம்.

ஒரு 15 லிட்டர் குடம் கடல்நீரில் சாதாரண உப்பு சுமார் 400 கிராம் இருக்கும். ஆனால் நீரைச் சும்மா வற்றவிட்டால் வருவது எல்லாம் கலந்த கசப்புக் கட்டி. உப்பளத்தின் நுட்பமே, அந்தந்த உப்பை அததன் முறை வரும்போது தனியே விழவைப்பதில் இருக்கிறது. கடல்நீர் முதலில் பெரிய தேக்கத்தில் நிற்கும். பிறகு ஆழமில்லாத பாத்திகள் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகரும். நகர நகர வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கும். எவ்வளவு கெட்டியானது என்பதை நீரில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாய் ஒன்று டிகிரியில் காட்டும். அந்த அளவுகோலை 1768-இல் உருவாக்கியவர் பிரான்சின் மருந்தாளர் அந்துவான் போமே. நல்ல தண்ணீர் 0 டிகிரி, கடல்நீர் மூன்று மூன்றரை.

நீர் ஏறக்குறையப் பாதியாகும்போது முதலில் வெளியேறுவது கால்சியம் கார்பனேட், கிளிஞ்சலும் சங்கும் ஆன அதே பொருள். கொஞ்சம்தான் விழும். ஐந்தில் ஒரு பங்காக வற்றும்போது ஜிப்சத்தின் முறை. கால்சியம் நேர் 2, சல்பேட் எதிர் 2, ஒன்றுக்கு ஒன்று. கூடவே இரண்டு தண்ணீர்: சிஏஎஸ்ஓ₄·2எச்₂ஓ. இதைச் சூடாக்கினால் இரண்டில் ஒன்றரைத் தண்ணீர் போய், அரைத் தண்ணீர் மிஞ்சும். கை முறிந்தால் போடும் மாவுக்கட்டின் வாய்பாட்டில் ‘½எச்₂ஓ’ என்று உண்மையாகவே அரை எழுதுவார்கள். மூலக்கூறை யாரும் அறுக்கவில்லை. இரண்டு கால்சியத்துக்கு ஒரு தண்ணீர் என்பதே அதன் பொருள்.

பத்தில் ஒரு பங்காக வற்றி, அளவு 25 டிகிரியைத் தாண்டும்போது சோடியமும் குளோரைடும் சேரத் தொடங்கும். அப்போது ஒரு லிட்டர் நீர் 1.2 கிலோ எடை இருக்கும். காற்று அடங்கிய நேரத்தில் பாத்தியின் பரப்பை உற்றுப் பாருங்கள். சின்னச் சதுரத் தட்டுகள் மிதக்கும். ஓரங்கள் மட்டும் வளர்ந்து, நடுவில் படிப்படியாகக் குழிந்து, தலைகீழ்க் கோபுரம் போல் ஆகி, கனம் தாங்காமல் மூழ்கும். கீழே சேர்ந்ததைத்தான் வாரி எடுக்கிறார்கள். இந்த வரிசையை 1849-இல் மத்தியதரைக் கடல்நீரை வற்றவைத்து யூசிலியோ என்ற வேதியியலர் அளந்து எழுதினார். எந்த டிகிரியில் நீரை அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும் என்பது உப்பளக்காரர்களின் அன்றாட வேலை.

வாருவதோடு வேலை முடியாது. 30 டிகிரியை நெருங்கும்போது மீந்த நீரை வெளியேற்றியே ஆக வேண்டும். அதில் மக்னீசியம் ஏகமாக இருக்கும். மின்னூட்டம் இரண்டாக இருந்தும் மக்னீசியம் ஏன் கடைசிவரை விழவில்லை? அது சிறிய அயனி, தண்ணீரை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் படிகமாகும்போதும் தண்ணீரை விடாது. பேதியுப்பில் மக்னீசியம் சல்பேட்டோடு ஏழு தண்ணீர், மக்னீசியம் குளோரைடில் ஆறு. கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் ஊறிப்போவதற்கு இதுவும் காரணம். தூய சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்ச, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். கடலோர ஊரில் அந்த அளவு ஈரம் அநேகமாக எப்போதும் உண்டு.

உப்பளத்தில் இடையூறாக விழுந்த ஜிப்சம் வயலில் மருந்தாகிறது. 2004 சுனாமியில் நாகை, காரைக்கால் வயல்களுக்குள் கடல் புகுந்ததைப் பார்த்தவர்களுக்குச் சோடியம் மண்ணை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. களிமண் துகளின் மேல் எதிர்மின்னூட்டம் உண்டு. அங்கே சோடியம் மிகுந்து ஒட்டிக்கொண்டால் துகள்கள் பிரிந்து குழம்பாகி, காய்ந்தால் இறுகி, தண்ணீரே இறங்காத களர் நிலமாகிவிடும். ஜிப்சம் இட்டால் ஒரு கால்சியம் உள்ளே நுழையும்போது இரண்டு சோடியம் வெளியே வந்தாக வேண்டும். பூஜ்யக் கணக்குதான், வேறு ஒன்றுமில்லை. வெளியே வந்தவை சல்பேட்டோடு நீரில் கரைந்து (என்ஏ₂எஸ்ஓ₄) வடிகால் வழியே போய்விடும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டால் பயனில்லை. இதை விவசாயிகள் நன்றாக அறிவார்கள்.

கடையில் வாங்கும் பாக்கெட் உப்பில் மனிதர் சேர்த்த வாய்பாடு ஒன்றும் உண்டு: கேஐஓ₃, பொட்டாசியம் அயோடேட். அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்காக விற்பதற்கு நாட்டில் 2006 முதல் தடை உள்ளது. ஆக்சிஜன் இல்லாத பொட்டாசியம் அயோடைடு மலிவாகத் தெரியலாம். ஆனால் நம் வெக்கையிலும் ஈரத்திலும் அதிலுள்ள அயோடின் காற்றோடு போய்விடும். மூன்று ஆக்சிஜனைக் கட்டிக்கொண்ட அயோடேட் நிலைத்து நிற்கும். வீட்டுக்கு வரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். முன்பு பார்த்த 0.3 மில்லிமீட்டர் மணிக்கு அதைக் கணக்கிட்டால், ஒன்றரை லட்சம் சோடியத்துக்கு ஓர் அயோடேட் என்ற அளவில், அந்த ஒரு மணிக்கே நான்கு லட்சம் கோடி அயோடேட் அயனிகள் வருகின்றன. ஒவ்வொன்றையும் சமன் செய்ய ஒரு பொட்டாசியம் கூடவே நிற்கிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான 150 மைக்ரோகிராம் அயோடின் முழுவதும் பத்து கிராம் உப்பில் வந்துவிடுகிறது.